பழைய நெகட்டிவைத் தூக்கிப் போடாதீங்க!

நம்ம விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மை சூளையில் வெந்தாத்தான் உறுதியாகும். கருப்பு வெள்ளை பிலிமும் அப்படித்தான், மருந்தில் போட்டாத்தான் படம் நிலைக்கும்.

பிலிமில் வெள்ளி உப்பு பூசியிருக்கும். கேமராவில் வெளிச்சம் பட்ட இடம், இருட்டறையில் டெவலப்பர் மருந்தில் போட்டதும் கருப்பாகும். மிச்ச உப்பை ஹைப்போ மருந்து கரைச்சுடும். பிறகு கழுவிக் காயவைத்தால் நெகட்டிவ் தயார். அதில் வெள்ளைச் சேலை கருப்பாத் தெரியும், பிரிண்ட் போட்டால் சரியாயிடும்.

1967-ல் உற்பத்தி தொடங்கிய ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம், 'இந்து' என்ற பெயரில் பிலிம் விற்றது. அதுவும் மூடியாச்சு.

நம்ம அம்மா, பாட்டி போட்டோவைக் கரையான் அரிச்சிருக்கலாம். எடுத்த ஸ்டுடியோவும் இல்லாமப் போயிருக்கலாம். நெகட்டிவ் இருந்தால் அந்த முகத்தை மறுபடி பார்க்கலாம். ஓரத்தைப் பிடிச்சு எடுத்து, காகித உறையில், ஈரம் படாம வைப்போம். அடுத்த கூட்டத்துக்குள் வீட்டுப் பெட்டியைத் தேடிப் பாருங்க!