சர்க்கரை நோட்டில் இல்லாத கேள்வி

பாகூர் என்றதும் ஏரியும் நெல்வயலும்தான் நினைவுக்கு வரும். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்ற பெயர் இன்றும் அதற்கு இருக்கிறது. அந்த மண்ணில் கணவன்-மனைவி உறவின் ஆரோக்கியத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால், எங்கே சுற்றினாலும் பேச்சு ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. சர்க்கரை நோய்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த மிகப்பெரிய சர்க்கரை நோய் ஆய்வு 2023-ல் வெளியானது. 1,13,000-க்கும் மேற்பட்டவர்களைப் பரிசோதித்த ஆய்வு அது. நாட்டின் சராசரி 11.4 சதவீதம். புதுச்சேரியிலோ 26.3 சதவீதம். 26.4 சதவீதத்தோடு முதலிடத்தில் இருக்கும் கோவாவுக்கு அடுத்த இடம் நமக்கு. பெரியவர்களில் நாலு பேருக்கு ஒருவர் என்றால், பாகூர், வில்லியனூர் பக்கம் சர்க்கரை எட்டிப் பார்க்காத தெரு இருக்க முடியாது. கண் போகும், சிறுநீரகம் கெடும், கால் புண் ஆறாது என்பதையெல்லாம் ஊரே சொல்லிவிடும். இதே நோய் படுக்கையறையில் என்ன செய்கிறது என்பதைத்தான் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

சர்க்கரை நோய் உள்ள ஆண்களைப் பற்றிய 145 ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் ஒரு கட்டுரை வந்தது. அவர்களில் பாதிப் பேருக்கும் மேல் விறைப்புத் தன்மையில் கோளாறு இருப்பதாக அது சொல்கிறது. சர்க்கரை இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் இந்த வாய்ப்பு சுமார் மூன்றரை மடங்கு. காரணம் ஒளிவுமறைவானதல்ல. ரத்தத்தில் ஏறிய சர்க்கரை மெல்லிய ரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் அரிக்கிறது. இதயத்துக்குப் போகும் குழாயின் அகலம் மூன்று, நாலு மில்லிமீட்டர். ஆணுறுப்புக்குப் போகும் குழாய் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர்தான். சின்னக் குழாய் முதலில் அடைபடும். அதனால்தான் பலருக்கு இந்தக் கோளாறு தலைகாட்டிய சில வருடங்களில் மாரடைப்பு வருகிறது. மனைவியிடம் சொல்லக் கூச்சப்பட்டு மறைக்கும் அந்த விஷயம், இதயம் முன்கூட்டியே அனுப்பும் எச்சரிக்கையாக இருக்கலாம்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாதாமாதம் மாத்திரை வாங்க வருபவர்கள் கையில் ஒரு நோட்டு இருக்கும். ஓரம் மடங்கி, மஞ்சள் பையில் ஆதார் நகலோடு செருகப்பட்ட நோட்டு. சாப்பிடும் முன் எவ்வளவு, சாப்பிட்ட பின் எவ்வளவு, பிரஷர், எடை, என்ன மாத்திரை, எத்தனை நாளைக்கு என எல்லாம் அதில் ஏறும். பாதம் மரத்துப் போகிறதா என்று கேட்பார்கள். கண் பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். ‘வீட்டில் கணவன்-மனைவி உறவு எப்படி இருக்கிறது?’ என்ற கேள்விக்கு மட்டும் அந்த நோட்டில் இடமில்லை. வரிசை நீளம், மருத்துவருக்கு நேரமில்லை, பக்கத்தில் நாலு பேர் நிற்கிறார்கள். நோயாளியும் தானாகச் சொல்வதில்லை.

சொல்லாத நோய் எங்கே போகும்? என் கவலையெல்லாம் இங்கேதான். பேருந்து நிறுத்தச் சுவரிலும் கட்டணக் கழிப்பறைக் கதவிலும் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களைப் பாருங்கள். நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக் குறைவு, சொப்பன ஸ்கலிதம், குழந்தையின்மை, மூலம் என எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியர். மாதத்தில் எந்தத் தேதியில் எந்த ஊரில், எந்த லாட்ஜில், காலை எத்தனை மணிக்கு என்று பயண அட்டவணை வேறு. கூடவே ‘ரகசியம் காக்கப்படும்’ என்ற வரி. நம் மருத்துவமனைகள் தரத் தவறியதை அந்த ஒரு வரி தருகிறது. அதனால்தான் மருத்துவமனை வரிசையில் வாய் திறக்காத மனிதர், அறுவடைப் பணத்தையோ சீட்டுப் பணத்தையோ எடுத்துக்கொண்டு லாட்ஜ் படி ஏறுகிறார்.

பாலுறவுத் திறனைக் கூட்டுவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் சட்டமே தடை செய்கிறது. எழுபது வருடம் கடந்துவிட்டது. நோட்டீஸ் அப்படியே இருக்கிறது. பணம் போவதாவது பரவாயில்லை. உயிர் போகும் வழியும் இதில் உண்டு. மூலிகை என்று விற்கப்படும் லேகியத்திலும் பொடியிலும் சில்டெனாஃபில் என்ற ஆங்கில மருந்தைச் சொல்லாமல் கலந்திருப்பது பல நாடுகளில் பரிசோதனையில் பிடிபட்டிருக்கிறது. விறைப்புக் கோளாறுக்குச் சில்டெனாஃபில் நல்ல மருந்துதான். மருத்துவர் பார்த்துக் கொடுத்தால் சர்க்கரை நோயாளிகளுக்கும் பலன் தரும். ஆனால் நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை, அதாவது நைட்ரேட் வகை மருந்து எடுப்பவர் அதைத் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சடாரென்று விழுந்து ஆளையே சாய்த்துவிடும். தான் சாப்பிடும் லேகியத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாத ஐம்பத்தைந்து வயது இதய நோயாளி ஒருவர், அன்று இரவு நெஞ்சு வலி வந்தால் என்ன செய்வார்? வீட்டில் இருக்கும் அந்த மாத்திரையைத்தான் நாக்கின் அடியில் வைப்பார். இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

பிரஷர் மாத்திரையிலும் ஒரு சிக்கல். சில வகை மாத்திரைகள் ஆசையையும் திறனையும் கொஞ்சம் குறைக்கக்கூடும். யாரோ சொல்லக் கேட்டு, மருத்துவரிடம் கேட்காமலே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. வேறு மாத்திரைக்கு மாற்றிக் கொடுக்க வழி இருக்கிறது. ஆனால் கேட்டால்தானே மாற்றுவார்கள்? நிறுத்தியதன் விலை பக்கவாதமாக வந்து நிற்கும்.

பெண்களின் பக்கம் இன்னும் மௌனம். சர்க்கரை கூடினால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று திரும்பத் திரும்ப வரும். அரிப்பு, தயிர் போல வெள்ளைப்படுதல், உறவின்போது எரிச்சல். ‘உடம்புச் சூடு’ என்று வெந்தயமும் மோரும் குடித்துச் சமாளிப்பார்கள். இதில் ஒரு புதுக் குழப்பம் சேர்ந்திருக்கிறது. சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மாத்திரைகள் இப்போது பரவலாகக் கொடுக்கப்படுகின்றன. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லவை. ஆனால் சிறுநீரில் சர்க்கரை இறங்குவதால், ஆணுக்கும் பெண்ணுக்கும் அந்த இடத்தில் பூஞ்சை பிடிக்கலாம். சுத்தமாகக் கழுவி உலர வைப்பதும், சில நாள் களிம்பும் பெரும்பாலும் போதும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் என்ன ஆகும்? கணவனின் தோலில் சிவப்பும் புண்ணும் பார்த்த மனைவி, ‘எங்கே போய் வாங்கிட்டு வந்தே?’ என்று கேட்பாள். மனைவிக்கு வந்தால் அவன் சந்தேகப்படுவான். குடியும் சேர்ந்த வீட்டில் அந்தச் சந்தேகம் கை நீட்டும் வரை போகும். மாத்திரை கொடுக்கும்போது இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் அந்த அடி விழுந்திருக்காது.

இதெல்லாம் மனசு சம்பந்தப்பட்டது, உடம்பில் ஒன்றுமில்லை என்று சொல்லும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். இளைஞர்கள் விஷயத்தில் அது பெரும்பாலும் சரி. நாற்பதைத் தாண்டிய சர்க்கரை நோயாளியிடம் ‘கவலைப்படாதே’ என்று சொல்லி அனுப்புவது வைத்தியமாகாது.

நம் சுகாதார அமைப்பில் கணவன் என்ற ஆள் எப்போதுமே வாசலில்தான் நிற்கிறான். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் மணமான தம்பதிகளில் மனைவி கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டது 37.9 சதவீதம், கணவன் செய்துகொண்டது 0.3. ஆண்களுக்கான கத்தியில்லாத கருத்தடை, அதாவது வாசெக்டமி, சில நிமிட வேலை. அதனால் ஆண்மை குறைவதும் இல்லை. ஆனாலும் கர்ப்பம் முதல் கருத்தடை வரை எல்லாம் அவள் கணக்கு. அப்படி முப்பது வருடம் வெளியே நின்றவன், தனக்கு ஒரு குறை வரும்போது உள்ளே வரத் தெரியாமல் லாட்ஜுக்குப் போகிறான்.

உதவி இல்லாமல் இல்லை. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. பால்வினைத் தொற்று பற்றிச் சந்தேகம் என்றால் அரசு நம்பிக்கை மையங்களில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். முடிவை ரகசியமாக வைக்க வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டத்தின் கட்டளை. 1097-க்குக் காசில்லாமல் போன் செய்து கேட்கலாம். மனம் சோர்ந்தவர்களுக்கு 14416. ஆனால் இவையெல்லாம் பாகூர்க்காரர் தானாகத் தேடிப் போக வேண்டியவை. அவர் ஏற்கெனவே மாதாமாதம் வரும் ஒரே இடம் அந்த மாத்திரை வரிசை.

ஆகவே கேட்பது பெரிதல்ல. சர்க்கரை நோட்டில் இன்னொரு வரியைச் சேருங்கள். வாரத்தில் ஒரு மணி நேரமாவது கதவு சாத்திய அறையில் ஆண்களிடம் ஓர் ஆண் ஊழியரும், பெண்களிடம் ஒரு செவிலியரும் பேசட்டும். மருத்துவர்களே, நோயாளி வாய் திறக்கும்வரை காத்திருக்காமல் நீங்களே கேளுங்கள். வாசகர்களே, அடுத்த முறை மாத்திரை வாங்கக் கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள்; லேகியமோ பொடியோ சாப்பிடுகிறீர்கள் என்றால் அந்த டப்பாவையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.