தண்ணீர் குடிக்கும் கான்கிரீட்

சேலையூர், முடிச்சூர், பெருங்களத்தூர் என்று தாம்பரத்தைச் சுற்றியுள்ள எந்தத் தெருவிலும் இந்தக் காட்சியைக் காணலாம். வீட்டின் பக்கவாட்டில் இருந்த மண் தரை கான்கிரீட் தளமாக மாறிக்கொண்டிருக்கும். ஸ்கூட்டர் நிறுத்தவும், துணி உலர்த்தவும், மாலையில் நாற்காலி போட்டு உட்காரவும் அது வசதிதான். தளம் போட்ட மறுநாள் கொத்தனார் என்ன செய்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? அதன் மேல் கலவையால் சிறு வரப்புகள் கட்டி, பாத்திக்குப் பாய்ச்சுவது போலத் தண்ணீரைத் தேக்கி வைக்கிறார்.

காய வேண்டிய தளத்தில் எதற்காகத் தண்ணீர்?

காய்வது வேறு, இறுகுவது வேறு

களிமண் பொம்மை, நீரை இழந்து காய்வதால் கெட்டியாகிறது. கான்கிரீட் அப்படியன்று. சிமெண்டில் பெரும்பகுதி கால்சியம் சிலிக்கேட்டுகள். இவை நீருடன் வேதிவினை புரிந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய புதுப்பொருளாக வளர்கின்றன. அப்பொருள்தான் மணலையும் ஜல்லியையும் இறுகப் பிணைக்கிறது. இவ்வினைக்கு நீரேற்றம் என்று பெயர். இதில் வெப்பமும் வெளிப்படும். ஆற்று நீருக்கடியிலும் பாலத் தூண்களின் கான்கிரீட் இறுகுவது இதனால்தான்!

நீரேற்றம் முதல் சில நாட்களில் வேகமாகவும், பிறகு வாரக்கணக்கில் மெதுவாகவும் நடக்கும். பொறியாளர்கள் கான்கிரீட்டின் வலிமையை 28-ஆம் நாளில் சோதிப்பது வழக்கம். சித்திரை வெயில் மேற்பரப்பு நீரை உறிஞ்சிவிட்டால் வினை பாதியில் நின்றுவிடும். தளத்தைக் கூட்டும்போதெல்லாம் புழுதி கிளம்பும். மயிரிழை விரிசல்கள் தோன்றும். எனவேதான் சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாட்கள், சாம்பல் முதலியவை கலந்த சிமெண்டுக்கு 10 நாட்கள் ஈரம் காக்க வேண்டும் என்கிறது, ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தரநூலின் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு. வெயில் மிகுந்த இடங்களில் இன்னும் சில நாட்கள் கூடுதலாக வேண்டும்.

அளவுக்கு மிஞ்சினால்?

அப்படியானால் கலக்கும்போதே நிறைய நீர் ஊற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். கூடாது! 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்றுக்கு வேதிச் சேர்க்கையில் செலவாகும் நீர் ஏறக்குறைய 12 லிட்டர்தான். கலவையைக் கிளறிப் பரப்புவதற்காக 25 லிட்டர் வரை விடுகிறோம். வினையில் சேராத நீர் வெளியேறும்போது நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. 35 லிட்டர் ஊற்றினால் பரப்புவது எளிது. ஆனால் துளைகள் பெருகி வலிமை குறையும். கலக்கும்போது சிக்கனம், இறுகிய பின் தாராளம். இதுவே விதி.

வெப்பத்தையும் மறந்துவிடக் கூடாது. கான்கிரீட் ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒரு டிகிரி செல்சியஸ் உயர்வில், சுமார் ஒரு மீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு நீளும். 4 மீட்டர் தளம் 30 டிகிரி சூடேறினால் 1.2 மில்லிமீட்டர் விரியும். வீட்டுச் சுவருக்கும் மதில் சுவருக்கும் இடையே அது இறுக்கமாகச் சிக்கியிருந்தால் என்ன ஆகும்? அதனால் சுவரோரம் சிறு இடைவெளி விட்டுத் தார் நிரப்புகிறார்கள். மழைநீர் அஸ்திவாரத்தில் இறங்காதிருக்க, சுவரிலிருந்து வெளிப்புறமாக மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வீதம் வாட்டம் விடுவது நல்லது.

மண்ணின் பங்கு

வாட்டம் விட்ட நீர் எங்கே போகிறது? ஒரு கணக்குப் போடுவோம். தளத்தின் நீளம் 4 மீட்டர், அகலம் 3 மீட்டர். பரப்பு 12 சதுர மீட்டர். சென்னையின் சராசரி ஆண்டு மழை சுமார் 140 சென்டிமீட்டர். 12-ஐ 1.4-ஆல் பெருக்கினால் 16.8 கன மீட்டர். அதாவது 16,800 லிட்டர்! மண் தரையாக இருந்தாலும் ஒரு பகுதி ஆவியாகும், ஒரு பகுதி வழிந்தோடும். ஆனால் எஞ்சியது கிணற்றைச் சேர்ந்திருக்கும். இப்போது அதுவும் தெருவுக்குப் போகிறது.

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். நம் தளத்தின் மேல் மட்டும் விழுந்திருக்கக் கூடியது 5,880 லிட்டர். அத்தனையையும் எந்த மண்ணும் குடித்திருக்காது என்பது உண்மை. ஆயினும் ஆயிரமாயிரம் வீடுகளின் தளங்களும் சேர்ந்தால் தெருவெள்ளம் பெருகத்தானே செய்யும்? முடிச்சூரும் வரதராஜபுரமும் அப்போது வெள்ளத்தில் மூழ்கின. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், சென்னை குடிநீருக்குத் தவித்தது.

ஆகவே தளமே வேண்டாம் என்பதில்லை. தேவையான அளவுக்கு மட்டும் போடலாம். மதிலோரம் இரண்டடி மண் பாத்தி விட்டு, வாட்டத்தை அதை நோக்கி அமைக்கலாம். அல்லது 2003-இல் தமிழகம் முழுவதும் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்புக் குழிக்கு அந்நீரைத் திருப்பலாம்.

செய்து பாருங்கள்

ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணல், சிறிது நீர் சேர்த்துக் குழைத்து, இரு சிறு டப்பாக்களில் ஒரே கனத்துக்கு நிரப்புங்கள். சிமெண்ட் தோலை அரிக்கும். ஆகவே கையுறை அணிந்து, குச்சியால் கிளறுங்கள். மறுநாள் வில்லைகளை வெளியே எடுத்து, ஒன்றை நீரில் மூழ்க வையுங்கள். மற்றதை வெயிலில் வையுங்கள். பத்து நாள் கழித்து இரண்டையும் ஆணியால் கீறிப் பாருங்கள். எது எளிதில் உதிர்கிறது? பிறகு உங்கள் வீட்டுத் தளத்தையும் அளந்து, அது ஆண்டுதோறும் தெருவுக்கு அனுப்பும் நீரைக் கணக்கிட்டு வீட்டில் சொல்லுங்கள்.