வாங்கித் தருவதும் ஒரு தொழில்தான்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிப் பள்ளிகளில் உயர்நிலை மாணவர்களிடம் எதிர்கால வேலை பற்றிக் கேட்டால், 'கம்பெனி வேலை' என்று பலர் சொல்வதில் வியப்பில்லை. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998இல் முதல் கார் வெளிவந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை வந்தது. கண்ணாடி, டயர், லாரி, மோட்டார் சைக்கிள், செல்பேசி என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. ஆனால் இதே பகுதியில்தான் 2014இல் நோக்கியா ஆலை மூடப்பட்டது. ஓர் இயந்திரத்தின் முன் ஒரே செயலைப் பழகியவர் அந்தப் பழக்கத்தை வேறிடத்துக்குக் கொண்டுபோவது எளிதல்ல. ஆலைக்குள் இல்லாமல் ஆலைகளால் உருவாகும் தொழில்களையும் நாம் மாணவர்களிடம் பேச வேண்டியிருக்கிறது. அவற்றில் ஒன்று, பிறருக்காகப் பொருளைத் தேர்ந்து வாங்கித் தருவது. 'பர்சனல் ஷாப்பர்' என்று இதைச் சொல்கிறார்கள்.

இந்தப் பெயர் இன்று இரண்டு வேறு வேலைகளைக் குறிக்கிறது. 2012இல் அமெரிக்காவில் தொடங்கிய இன்ஸ்டாகார்ட் போன்ற நிறுவனங்களில், வாடிக்கையாளர் செயலியில் அனுப்பும் பட்டியலைப் பார்த்துக் கடையில் மளிகை எடுத்துத் தருபவரும் ஷாப்பர்தான். பழைய பொருள் வேறு. நியூயார்க்கின் பெர்க்டார்ஃப் குட்மேன் கடையில் 1976 முதல் தொண்ணூறு வயதைக் கடந்தும் இந்த வேலையைச் செய்தவர் பெட்டி ஹால்பிரைக். 2024இல் மறைந்தார். பொருந்தாத உடையைப் பொருந்தவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வதற்காகவே அவரிடம் மக்கள் வந்தார்கள். முதல் வகையில் பட்டியல் வந்த பிறகு வேலை தொடங்குகிறது. இரண்டாவது வகையில், பட்டியல் எழுதுவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. நிலைத்து நிற்கக்கூடிய தொழில் இந்த இரண்டாவதுதான்.

நமக்கு இது புதிதும் அல்ல. கல்யாணப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போகும்போது, பட்டு பார்க்கத் தெரிந்த ஓர் அத்தையையோ பெரியம்மாவையோ உடன் அழைத்துப் போகிறோம். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு, விரல்களைப் பிடித்து விலை பேசும் தரகரும் பிறருக்காக வாங்கித் தருபவர்தான். இருவருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. பெரியம்மா நம் பக்கம். தரகரோ விற்பவர், வாங்குபவர் இருவரிடமும் தரகு பெறுவதுண்டு. அவர் யார் பக்கம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இந்தத் தொழிலைத் தொடங்கும் எவரும் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான்.

கேள்வி எங்கே சிக்கலாகிறது என்று பாருங்கள். கடைக்காரரிடம் கமிஷன் வாங்கினால், கமிஷன் அதிகம் தரும் கடைக்கே கால் போகும். சரி, வாடிக்கையாளரிடம் மட்டும் வாங்குவோம், வாங்கிய தொகையில் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 20,000 ரூபாய்க்குப் பொருள் எடுத்தால் கூலி 2,000. அலைந்து திரிந்து அதே தரத்தை 15,000 ரூபாய்க்கு எடுத்துத் தந்தால் கூலி 1,500. அதாவது, வேலையை நன்றாகச் செய்தவருக்கு 500 ரூபாய் நட்டம்! ஆகவே நேரத்துக்கு இவ்வளவு, அல்லது ஒரு முறை போய்வர இவ்வளவு என்று முன்பே பேசிக்கொள்வதுதான் நேர்மையாக இருக்கவும் எளிது, நம்பிக்கை வளரவும் நல்லது. எட்டாம் வகுப்பில் சதவீதம் நடத்தும்போது இந்தக் கணக்கைப் பலகையில் எழுதி, 'இதில் யாருக்கு என்ன ஆசை வரும்?' என்று கேட்டுப் பாருங்கள். நடுவு நிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறள் வணிகத்தைப் பற்றியது என்பதையும் அப்போது நினைவூட்டலாம்.

இந்தப் பகுதியில் வாடிக்கையாளர் யார்? 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. ஷிப்ட் வேலை, வாரத்தில் ஒரு நாள் விடுப்பு. அந்த ஒரு நாளில் துணி துவைப்பதா, தூங்குவதா, தங்கை சீருக்குக் கொலுசு பார்ப்பதா? இன்னொரு பக்கம், கொரிய, ஜப்பானிய நிறுவனங்களுக்காக வந்து தங்கியிருக்கும் குடும்பங்கள். எந்த அரிசி தங்கள் சமையலுக்கு ஒத்துவரும், தீபாவளிக்கு வீட்டில் வேலை செய்பவருக்கு என்ன பரிசு தருவது முறை என்பது அவர்களுக்குத் தெரியாது. இரண்டாவது கூட்டத்திடம் கூலி அதிகம் கிடைக்கும். முதல் கூட்டம் எண்ணிக்கையில் பெரியது. ஐந்து பேர் சேர்ந்து ஒருவரை அனுப்பினால் ஆளுக்கு ஆகும் செலவு பேருந்துக் கட்டணத்துக்குள் அடங்கிவிடும். சென்னையில் இன்கோ மையத்தில் கொரிய மொழியும், ஏபிகே–ஏஓடிஎஸ் தோசோகாயில் ஜப்பானிய மொழியும் கற்றுத் தருகிறார்கள். கடைத்தெருவுக்குத் தேவையான அளவு மொழி தெரிந்தாலே பெரிய முதல்.

தேவைப்படும் திறன்களில் முதலாவது கேட்பது. 'புடவை வேண்டும்' என்பவரிடம் யார் உடுத்தப்போகிறார்கள், எத்தனை முறை உடுத்துவார்கள், வீட்டில் துவைப்பார்களா, அதிகபட்சம் எவ்வளவு செலவிடலாம் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். வினா எழுப்பும் பயிற்சி நம் மொழிப் பாடங்களிலேயே இருக்கிறது.

இரண்டாவது கணக்கு. 200 கிராம் சலவைத்தூள் 30 ரூபாய், ஒரு கிலோ 160 ரூபாய் என்றால் பெரிய பொட்டலம்தான் விலை அதிகம். ஐந்தாம் வகுப்புக் குழந்தையால் இதைக் கண்டுபிடிக்க முடியும், பல பெரியவர்கள் கவனிப்பதில்லை. '50 சதவீதத் தள்ளுபடி, அதன்மேல் 20 சதவீதம்' என்ற பலகையைப் பார்த்து 70 என்று கூட்டுபவர்களே அதிகம். உண்மையில் அது 60.

மூன்றாவது, தரம் அறிதல். பட்டில் சில்க் மார்க் முத்திரை, காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு, மின்சாதனங்களில் ஐ.எஸ்.ஐ. முத்திரை, உணவுப் பொட்டலத்தில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண், தங்க நகையில் ஆறு எழுத்து–எண் கொண்ட ஹால்மார்க் அடையாளம். ஹால்மார்க் அடையாளத்தை பி.ஐ.எஸ். கேர் செயலியில் அங்கேயே சரிபார்க்கலாம். வாடிக்கையாளர் பணம் தருவது இந்த அறிவுக்குத்தான், பையைத் தூக்கி வருவதற்கு அல்ல.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பள்ளி முடித்தவுடன் மாதச் சம்பளத்தில் கிடைக்கும் வேலை அல்ல இது. ஓரிரு ஆண்டுகள் ஜவுளிக்கடையிலோ பெரிய மளிகைக் கடையிலோ வேலை செய்து சரக்கைத் தொட்டுப் பழகியவர்தான் இதில் நிற்க முடியும். மாத வருமானம் உடனே தேவைப்படும் வீட்டுப் பிள்ளைக்கு இதன் அண்ணன் போன்ற இன்னொரு வேலை உண்டு: ஆலைகளின் கொள்முதல் பிரிவு. ஒரு காரில் திருகாணி வரை எண்ணினால் சுமார் 30,000 உதிரிகள். அவை ஒவ்வொன்றையும் யாரோ விலைப்புள்ளி கேட்டு, ஒப்பிட்டு, வாங்குகிறார்கள். வணிகவியல் பட்டமோ பொறியியல் டிப்ளமோவோ முடித்து, ஸ்டோர்ஸ் உதவியாளராக நுழைந்து, கொள்முதல் பிரிவுக்கு நகரலாம். வேலை செய்துகொண்டே படிக்க இந்தியப் பொருள் மேலாண்மை நிறுவனத்தின் பட்டயப் படிப்புகள் உள்ளன. அதற்குச் சென்னையிலும் கிளை உண்டு. அங்கும் அதே கேள்விதான்: சப்ளையர் தரும் பரிசை வாங்கலாமா? பல நிறுவனங்களில் அதற்கென்றே எழுதப்பட்ட விதி இருக்கிறது.

வகுப்பில் செய்து பார்க்க ஒரு செயல். ஆண்டு விழாவுக்கோ அறிவியல் கண்காட்சிக்கோ தேவையான பொருள்களை வாங்கும் முன், மாணவர் குழு ஒன்று மூன்று கடைகளில் விலைப்புள்ளி வாங்கி வரட்டும். குறைந்த விலையை ஏற்கவில்லை என்றால் ஏன் என்று ஒரு பத்தி எழுதட்டும். ரசீதும் மீதிப் பணமும் ஒரே உறையில் வர வேண்டும். ஆசிரியர் உடன் செல்வதும் பெற்றோருக்குச் சொல்லிவிடுவதும் கட்டாயம். தொழிலாகத் தொடங்குவதெல்லாம் 18 வயதுக்குப் பிறகுதான். பெண் பிள்ளைகளிடம், தெரியாத வாடிக்கையாளரை முதலில் கடையிலேயே சந்திக்க வேண்டும், வீட்டுக்குத் தனியே போகக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தொடங்கும் நாளில் வாடிக்கையாளர் பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கும், கூலிக்கு எண்ணிட்ட ரசீதுப் புத்தகமும் போதும். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு அரசு இணையதளத்தில் இலவசம்; அதற்குப் பணம் கேட்கும் தளங்களும் இடைத்தரகர்களும் இருக்கிறார்கள் என்பதை மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கவும்.