கைகாட்டுவதும் தலையில் கட்டுவதும்

வேண்டாத வாடிக்கையாளரைப் போட்டிக்காரரிடம் அனுப்பிவைக்கிறார்கள் பெங்களூரின் தோட்டப் பராமரிப்பு ஒப்பந்தக்காரர்கள். ஒழுங்காகச் செய்தால் மூன்று தரப்புக்கும் லாபம். இல்லாவிட்டால் அடி விழுவது மாலியின் வயிற்றில்.

வந்த வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பாதே என்பது வியாபாரத்தின் பால பாடம். எதிர்க்கடைக்கு வழி சொல்லி அனுப்புவது என்றால் அது பைத்தியக்காரத்தனம். ஆனால் பெங்களூரில் வீட்டுப் புல்தரைகளை வெட்டி, களையெடுத்து, உரமிட்டுப் பிழைக்கும் சிறு ஒப்பந்தக்காரர்கள் இந்தப் பைத்தியக்காரத்தனத்தைத் தெரிந்தேதான் செய்கிறார்கள். ‘அண்ணே, உங்க பக்கத்துல ஒரு வீடு இருக்கு, பார்க்கிறீங்களா?’ ஒரு போன் அழைப்பில் வாடிக்கையாளர் கைமாறிவிடுகிறார். ஒப்பந்தம் கிடையாது, ரசீது கிடையாது. இருப்பதெல்லாம் நாளைக்கு அவரும் நமக்கு ஒரு வீட்டைக் காட்டுவார் என்ற நம்பிக்கை மட்டுமே.

தோட்டத் தொழிலுக்கு இந்த நகரம் புதிதல்ல. ஹைதர் அலி 1760ல் லால்பாகைத் தொடங்கிவைத்தார். தோட்டக் கலையையே குலத்தொழிலாகக் கொண்ட திகளர்கள், தமிழ்நாட்டுப் பகுதியிலிருந்து தலைமுறைகளுக்கு முன் குடிபெயர்ந்தவர்கள் என்று கருதப்படுகிறார்கள். பெங்களூரின் புகழ்பெற்ற கரக விழாவை நடத்துவதும் அவர்கள்தான். லால்பாக் மதிலை ஒட்டிய சித்தாபுரத்தில் நர்சரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒரு நர்சரியில் இல்லாத செடிக்கு அடுத்த நர்சரியைக் கைகாட்டும் பழக்கம் இப்படிப்பட்ட தெருக்களில் சாதாரணம்.

ஆனால் தகவல் தொழில்நுட்பப் பணம் வந்த பிறகு நகரம் விரிந்தது. ஒயிட்ஃபீல்டிலும் சர்ஜாபூர் சாலையிலும் வில்லாக்களும் அடுக்குமாடி வளாகங்களும் முளைத்தன. விளம்பரப் படத்தில் இருந்ததைப் போன்ற பச்சைக் கம்பளம் வாசலில் வேண்டும் என்று விரும்பினார்கள் குடிவந்தவர்கள். அந்தக் கம்பளத்தைக் காப்பாற்றுபவர் பல இடங்களில் ஒரு புல் வெட்டும் மெஷின், ஒரு வண்டி, இரண்டு மூன்று மாலிகளோடு தொழில் நடத்தும் சிறு ஒப்பந்தக்காரர்.

ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

வாடிக்கையாளர் கெட்டவர் என்பதால்தான் தவிர்க்கிறார்கள் என்று நினைத்தால் தவறு. முதல் எதிரி தூரம். ஜெயநகரில் இருக்கும் ஒப்பந்தக்காரருக்கு ஒயிட்ஃபீல்டில் ஒரு வீடு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடையில் சுமார் 20 கிலோமீட்டர். வழி நெடுக போக்குவரத்து நெரிசல். அரை மணி நேர வேலைக்குப் போக வர மூன்று மணி நேரம் போய்விட்டால், அதே நேரத்தில் அக்கம்பக்கத்தில் முடித்திருக்கக்கூடிய மூன்று வீடுகள் போச்சு. பெட்ரோல் செலவு தனி. அந்த வீட்டுக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கணக்கு உதைக்கிறது.

அடுத்தது அளவு. வண்டியிலிருந்து மெஷினை இறக்கி, துடைத்து, ஏற்றும் நேரம் 200 சதுர அடிக்கும் 2,000 சதுர அடிக்கும் அவ்வளவாக மாறாது. சம்பாத்தியம்தான் மாறும். குட்டி லானுக்கு கையால் வெட்டும் உள்ளூர் மாலியே போதும். பெரிய மெஷின் வைத்திருப்பவர் அவரிடம் அனுப்பிவைத்தால் வீட்டுக்காரருக்கும் செலவு மிச்சம்.

மூன்றாவது, நடக்காத காரியத்தைக் கேட்பவர்கள். புல்லுக்கு வெயில் வேண்டும். நாலு மாடிக் கட்டடத்தின் வடக்குப் பக்க நிழலில் மெக்சிகன் புல் கம்பளம்போல் வர வேண்டும் என்று அடம்பிடித்தால் எந்த மாலியாலும் முடியாது. நிலத்தில் கோரை புகுந்துவிட்டால் மேலே வெட்டுவதால் பயனில்லை. மண்ணுக்கடியில் இருக்கும் கிழங்கிலிருந்து மறுபடி கிளம்பும். புதிதாகக் கொட்டும் செம்மண்ணோடு அந்தக் கிழங்கும் சேர்ந்து வந்துவிடுவது உண்டு. இதைச் சொன்னால் ‘உங்களுக்கு வேலை தெரியவில்லை’ என்று பதில் வரும். அந்த இடத்திலேயே ஒப்பந்தக்காரரின் மனம் விட்டுப்போகிறது.

கடைசியாகத்தான் பாக்கி வைப்பவர்களும், மாலியை ஏகவசனத்தில் விரட்டுபவர்களும், புல் வெட்ட வந்தவரை வண்டி கழுவவும் பரணை ஒழிக்கவும் ஏவுபவர்களும் வருகிறார்கள்.

மறுக்க மூன்று வழி

இவர்களைத் தட்டிக்கழிக்க மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று, போனை எடுக்காமல் இருப்பது. அல்லது ‘பத்து நாள் கழிச்சுக் கூப்பிடுங்க சார்’ என்று காலண்டரைத் தள்ளிக்கொண்டே போவது. நம் நாட்டில் முடியாது என்பதை முகத்துக்கு நேரே சொல்வது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் இருக்கிறது. அதன் விளைவு, வீட்டுக்காரர் மாதக்கணக்கில் காத்திருக்கிறார். புல் முழங்கால் உயரம் வளர்கிறது. ஆளின் பெயரும் கெடுகிறது.

இரண்டாவது, இரட்டிப்பு விலை சொல்வது. விலையைக் கேட்டதும் அவரே ஓடிவிடுவார் என்பது கணக்கு. இதில் ஓர் ஆபத்து உண்டு. சில சமயம் அவர் ஒப்புக்கொண்டுவிடுவார். பிடிக்காத வேலையை, மனசில்லாமல், கூடுதல் காசுக்குச் செய்ய வேண்டியிருக்கும். இரட்டிப்புப் பணம் கொடுப்பவர் இரட்டிப்பு வேலையும் கேட்பார்.

மூன்றாவது வழிதான் கைகாட்டுவது. ‘எங்களால் இவ்வளவு தூரம் வர முடியாது. உங்கள் பகுதியிலேயே ஒருவர் இருக்கிறார், விசாரித்துப் பாருங்கள்’ என்று சொல்லிவிடுவது. மூன்றில் நேர்மையானது இது. வீட்டுக்காரருக்கு ஆள் கிடைக்கிறது. போட்டிக்காரருக்கு வேலை கிடைக்கிறது. அனுப்பியவருக்கு அன்றைக்கு எதுவும் கிடைப்பதில்லை. ஆனால் அவர் வட்டாரத்தில் ஒரு வீடு மற்றவருக்கு வந்தால், அது இவரைத் தேடி வரும். பத்து இடங்களில் சிதறிக் கிடந்த வீடுகள் மெல்ல மெல்ல ஒரே தெருவுக்குள் வந்து சேர்கின்றன. மாலி வண்டியில் உட்கார்ந்திருக்கும் நேரம் குறைந்து, வேலை பார்க்கும் நேரம் கூடுகிறது. இந்தத் தொழிலில் லாபம் என்பது பெரும்பாலும் அதுதான்.

தலையில் கட்டினால்?

பிரச்சினை எங்கே ஆரம்பிக்கிறது என்றால், நாலு மாதப் பாக்கி வைத்திருப்பவரையும் இதே முறையில் அனுப்பும்போது. ‘நல்ல வீடு அண்ணே, எனக்கு நேரம்தான் இல்லை’ என்று ஒரு பொய் சேர்ந்துகொள்கிறது. இது கைகாட்டுவதல்ல, தலையில் கட்டுவது. போட்டிக்காரருக்கு ஒரு நஷ்டம், நமக்கு ஒரு தொல்லை விட்டது என்று ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்த திருப்தி.

அந்தக் கல் யார் மேல் விழுகிறது? புது ஒப்பந்தக்காரர் இரண்டு மாதம் ஆளனுப்பிப் பார்க்கிறார். பணம் வரவில்லை. கையில் முதல் இல்லாதவர் என்றால் மாலிக்குக் கொடுக்க வேண்டிய கூலியைத் தள்ளிப்போடுகிறார். வீட்டுக்காரருக்குத் தெரியாது, அனுப்பியவருக்கும் தெரியாது, நடுவில் ஒரு குடும்பம் மளிகைக் கடையில் கடன் சொல்கிறது. இரண்டு முதலாளிகளின் போட்டியில் சம்பந்தமே இல்லாத மூன்றாவது மனிதர் அபராதம் கட்டுகிறார்.

சட்டம் கைகொடுக்காதா? சிறு, குறு தொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம், அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. தவறினால் வட்டியும் உண்டு. ஆனால் அதன் பலனைப் பெற தொழிலைப் பதிவு செய்திருக்க வேண்டும், கணக்கு எழுதியிருக்க வேண்டும். வாய்வார்த்தையில் நடக்கும் தொழிலில் சில ஆயிரம் ரூபாய்க்காக அந்தப் படியேறுவது கட்டுப்படியாகாது. வங்கிகளுக்குக் கடன்காரரின் ஜாதகத்தைப் பார்க்க 2000ல் தொடங்கிய சிபில் இருக்கிறது. தோட்டக்காரருக்கு இருப்பது சக தோட்டக்காரரின் வாய்ச்சொல் ஒன்றுதான். அந்தச் சொல்லும் பொய்யானால் வேறு பிடிமானம் இல்லை.

அதற்காக வாடிக்கையாளரின் பெயரையும் போன் நம்பரையும் வாட்ஸ்அப் குழுவில் போட்டு ‘மோசமான பார்ட்டி’ என்று முத்திரை குத்துவதும் சரியல்ல. அவதூறு வழக்குக்கு அது இடம் கொடுக்கலாம். அதோடு, ஒருவரோடு ஒத்துப்போகாதவர் இன்னொருவரோடு நன்றாகவே ஒத்துப்போகக்கூடும். சொல்ல வேண்டியது குணச் சான்றிதழ் அல்ல, நடந்த விஷயம் மட்டுமே. ‘எனக்கு இரண்டு மாதம் பாக்கி இருக்கிறது. எடுப்பதானால் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு எடுங்கள்.’ அவ்வளவு போதும். முன்பணம் வாங்கிய பிறகு பழைய பாக்கிதாரர் ஒழுங்கான வாடிக்கையாளராக மாறவும் வாய்ப்பு உண்டு.

எல்லை எது?

போட்டியாளர்கள் பேசிக்கொள்வதற்கு வேறொரு எல்லையும் இருக்கிறது. ஒரு வீட்டைத் தன்னால் முடியாது என்று அனுப்புவது குற்றமல்ல. ஆனால் ‘ஜெயநகர் எனக்கு, கோரமங்களா உனக்கு, ஒருவர் பகுதியில் மற்றவர் நுழையக்கூடாது’ என்று பேசி வைத்துக்கொண்டால் கதை மாறுகிறது. பகுதி வாரியாகவோ வாடிக்கையாளர் எண்ணிக்கைப்படியோ சந்தையைப் பங்குபோட்டுக்கொள்வதை 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு தடை செய்கிறது. அடுக்குமாடிச் சங்கம் மூன்று கொட்டேஷன் கேட்டால், ஒருவரே நண்பர்களிடம் லெட்டர்ஹெட் வாங்கி மூன்றையும் தாக்கல் செய்யும் தந்திரமும் அதே பிரிவில் மாட்டும். நாலு மாலி வைத்திருப்பவரைத் தேடி டெல்லியிலிருந்து போட்டி ஆணையம் வரப்போவதில்லை. ஆனால் ஏமாறுவது நூறு குடும்பங்கள் போட்ட பராமரிப்புப் பணம்.

மற்ற தொழில்களைப் பார்த்தால் தோட்டக்காரருக்கு இருக்கும் சுதந்திரம் எவ்வளவு பெரியது என்று தெரியும். தக்க காரணம் இல்லாமல் சவாரியை மறுக்கும் ஆட்டோக்காரர் மீது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் அபராதம் போடுகிறது. வந்த வழக்கை ஏற்க வேண்டும், மறுக்கத் தனிப்பட்ட காரணம் இருக்க வேண்டும் என்று வக்கீல்களுக்கு பார் கவுன்சில் விதி இருக்கிறது. டாக்டர்கள் நோயாளியை இன்னொருவரிடம் அனுப்பலாம். ஆனால் அதற்காக கமிஷன் வாங்கக்கூடாது என்று 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள் சொல்கின்றன. புல் வெட்டுபவரை எந்த விதியும் கட்டவில்லை. கட்டாத இடத்தில்தான் மனிதரின் தரம் தெரிகிறது.

கமிஷன் விஷயத்திலும் தோட்டக்காரர்கள் டாக்டர்களின் விதியைக் கடன் வாங்கலாம். காசுக்காக அனுப்பும்போது, யார் சரியான ஆள் என்ற கேள்வி போய், யார் அதிகம் கொடுப்பார் என்ற கேள்வி வந்துவிடுகிறது.

தண்ணீர் கற்றுத்தந்த பாடம்

2024 மார்ச்சில் இந்தத் தொழிலே ஆட்டம் கண்டது. கடும் தண்ணீர்ப் பஞ்சத்தில் சிக்கிய பெங்களூரில், குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றத் தடை விதித்தது குடிநீர் வாரியம். மீறினால் 5,000 ரூபாய் அபராதம். ஆயிரம் சதுர அடிப் புல்தரைக்கு கோடையில் வாரம் ஓர் அங்குல நீர் பாய்ச்சினாலே சுமார் 2,300 லிட்டர் ஆகும். குடிக்க லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊரில் இது கண்ணை உறுத்தும் கணக்கு. அந்த ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. ஆனாலும் கேள்வி மறையவில்லை.

புல் மட்டுமே தெரிந்தவருக்கும், சுத்திகரித்த கழிவுநீரைப் பயன்படுத்தவும் தண்ணீர் அதிகம் கேட்காத செடிகளை வைக்கவும் தெரிந்தவருக்கும் உள்ள வித்தியாசம் இப்படிப்பட்ட நேரத்தில்தான் வெளிப்படும். லானை எடுத்துவிட்டு வேறு ஏதாவது வையுங்கள் என்று கேட்கும் வீட்டுக்காரரை, அது தெரிந்த போட்டிக்காரரிடம் அனுப்புவதைத் தவிர முதலாமவருக்கு நல்ல வழி கிடையாது. முன்பு அவருக்குப் பாக்கிதாரர்களையே தள்ளிவிட்டவர் இப்போது எந்த முகத்தோடு போன் செய்வார்?

வீட்டுக்காரர்கள் செய்யக்கூடியதும் உண்டு. ஆளைக் கூப்பிடும்போதே எத்தனை சதுர அடி, எவ்வளவு வெயில், எந்தத் தண்ணீர் என்று சொல்லிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். உங்களை இன்னொருவரிடம் அனுப்பினால் கோபப்படாமல் காரணத்தைக் கேளுங்கள். தூரம் என்றால் நன்றி சொல்லுங்கள். மூன்றாவது ஆளும் நாலாவது ஆளுக்குக் கைகாட்டுகிறார் என்றால், கோளாறு புல்லில் இல்லை. பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டு மறுபடி போன் செய்யுங்கள்.