படகில் இருந்து போடுவது எங்கே போகிறது?

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் ஒன்ராறியோவில் வாழும் எமது குடும்பங்கள் பல சிம்கோ ஏரிக்கும், கவார்த்தா, மஸ்கோக்கா பக்கங்களுக்கும் புறப்பட்டு விடுகின்றன. கொட்டேஜ் ஒன்றை வாடகைக்கு எடுத்து, பொன்ரூன் படகில் உறவினர் எல்லோரும் ஏறி, சாப்பாட்டுப் பெட்டிகளுடன் ஏரியைச் சுற்றி வருவது இன்று எமக்குப் பழகிப்போன ஒன்று.

கடந்த கோடையில் நாங்களும் அப்படிப் போயிருந்தோம். மதியச் சாப்பாடு முடிந்ததும் சிறுவன் ஒருவன், "மாமா, இந்த எலும்பெல்லாம் எங்க போடுறது?" என்று கேட்டான். "தண்ணிக்குள்ள போடு தம்பி, மீன் தின்னும்" என்றார் எங்களில் மூத்தவர் ஒருவர். எங்களில் எவருக்கும் அது பிழையாகப் படவில்லை. சிறிது நேரத்தில் பிள்ளைகள் அதே தண்ணீரில் குதித்து விளையாடினார்கள். மாலையில் கொட்டேஜுக்குத் திரும்பியபோது குழாய்க்கு மேல் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. குழாயில் வருவது ஏரித் தண்ணீர், குடிக்க வேண்டாம் என்று அதில் எழுதியிருந்தது. அதன் பிறகுதான் நாங்கள் யோசிக்கத் தொடங்கினோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

உல்லாசப் படகுகளில் இருந்து கழிவுகளை நீரில் விடுவதை ஒன்ராறியோ மாகாணச் சட்டம் தடை செய்கிறது. இங்கே கழிவு என்பது மலசலம் மட்டுமல்ல. எரிபொருள், எண்ணெய், காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, போத்தல், துணி, குப்பை எல்லாமே அதில் அடங்கும். நாங்கள் போட்ட எலும்பும் அப்படித்தான்.

படகில் கழிப்பறை இருந்தால் கழிவு முழுவதும் ஒரு தொட்டிக்குள் சேர வேண்டும். அந்தத் தொட்டியை மரீனாக்களில் உள்ள உறிஞ்சும் பம்ப் மூலமே காலியாக்கலாம். சுத்திகரித்த பிறகும் ஏரிக்குள் திறந்துவிட இந்த மாகாணத்தில் அனுமதி இல்லை. கழிப்பறை இல்லாத படகில் வாளியைப் பாவித்து அதைத் தண்ணீரில் கொட்டுவதும் குற்றமே. மீறினால் அபராதம் கட்ட நேரிடலாம்.

உடல்நலத்துக்கு என்ன கேடு?

மலக் கழிவு கலந்த நீரில் ஈ-கோலை போன்ற கிருமிகள் இருக்கும். அந்த நீரை விழுங்கினால் வாந்தி, வயிற்றோட்டம், காய்ச்சல் வரலாம். நீர் பட்டாலே காது, கண், தோல் என்பவற்றில் தொற்று ஏற்படலாம். பிள்ளைகள் விளையாடும்போது பெரியவர்களை விட அதிகம் தண்ணீர் குடித்து விடுவார்கள் என்பதால் முதலில் பாதிக்கப்படுவது அவர்களே. 2000ஆம் ஆண்டில் வாக்கர்டன் நகரின் குடிநீரில் மாட்டு எருவில் இருந்து ஈ-கோலை கலந்ததால் 7 பேர் இறந்ததையும், 2,000க்கு மேற்பட்டோர் நோயுற்றதையும் இங்கு நெடுங்காலம் வாழ்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ரொறொன்ரோ நகரின் நீச்சல் கரைகளில் 100 மில்லிலீற்றர் நீரில் ஈ-கோலை எண்ணிக்கை 100ஐத் தாண்டினால் நீந்த வேண்டாம் என்று அறிவிக்கிறார்கள். கொட்டேஜ் முன்னால் உள்ள குடாவை அப்படி ஒவ்வொரு நாளும் சோதிக்க ஆள் இல்லை. அங்கே காவல் நாமேதான்.

இன்னொன்றும் உண்டு. கழிவில் உள்ள பொஸ்பரஸ் பாசிக்கு உரமாகிறது. நீலப்பச்சைப் பாசி பெருகினால் நீர் பச்சை வர்ணம் கரைத்தது போல் தெரியும். சில பாசிகள் நஞ்சை வெளியிடும். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. அப்படிப்பட்ட நீரில் குளிக்கவோ, சமைக்கவோ, நாயைக் குடிக்க விடவோ கூடாது.

நாம் செய்யக் கூடியவை

* படகில் ஏறும்போதே மூடி உள்ள குப்பைப் பை ஒன்றைக் கொண்டு செல்லுங்கள். எலும்பு, மிச்சச் சோறு, குழந்தையின் டயப்பர் எல்லாம் அதற்குள் போய்க் கரைக்கு வரட்டும்.

* படகை வாடகைக்கு எடுக்கும்போது கழிப்பறை உண்டா, தொட்டியை எங்கே காலியாக்குவது என்று கேளுங்கள். இல்லையென்றால் புறப்பட முன் எல்லோரும் கரையில் போய் வாருங்கள்.

* கறிச்சட்டியை ஏரியில் கழுவாதீர்கள். "இயற்கையில் மக்கும்" என்று எழுதிய சவர்க்காரமும் ஏரிக்கு உகந்ததல்ல.

* கழற்றக்கூடிய பெற்றோல் தாங்கியைக் கரையில் வைத்து நிரப்புங்கள். சிந்திய எண்ணெய் மேல் சவர்க்காரம் ஊற்ற வேண்டாம். அது எண்ணெயைக் கீழே இறக்குமே தவிர அகற்றாது. உறிஞ்சும் துணியால் ஒற்றி எடுங்கள்.

* சொந்தப் படகு வைத்திருப்போர் அதை வேறு ஏரிக்குக் கொண்டுபோக முன் ஒட்டிய செடிகளை அகற்றி, நீரை வடித்துவிட வேண்டும். 2022 முதல் ஒன்ராறியோவில் இது சட்டம்.

எமது சமூகத்துக்கே உரிய ஒரு விடயத்தையும் சொல்ல வேண்டும். அஸ்தி கரைப்பதற்காகப் படகு எடுப்பவர்கள் பலர். பெரிய ஏரிகளில் அஸ்தியைக் கரைக்க ஒன்ராறியோவில் தடை இல்லை. ஆனால் பிளாஸ்டிக் பை, மாலையின் நூல், குடம், துணி என்பவற்றைக் கூடவே விடுவது சரியல்ல. அஸ்தியை மட்டும் கரைத்துவிட்டு மற்றவற்றைக் கரைக்குக் கொண்டு வருவதால் எங்கள் கிரியைக்கு எந்தக் குறையும் வராது.

ரொறொன்ரோவில் எங்கள் வீட்டுக் குழாயில் வருவதும் ஒன்ராறியோ ஏரியின் தண்ணீர்தான். இந்தக் கோடையில் "எங்க போடுறது?" என்று பிள்ளை கேட்டால், பையை நீட்டிக் காட்டுவோம். அடுத்த முறை அவர்கள் கேட்காமலே செய்வார்கள்.