இரும்பின் எலெக்ட்ரான் அமைப்பும் அன்னபேதியின் நிறமாற்றமும்

அணுக்கருவைச் சூழ்ந்துள்ள எலெக்ட்ரான்கள் கூடுகளாகவும், கூடுகளினுள் எஸ், பி, டி, எஃப் என்னும் உட்கூடுகளாகவும் அமைந்துள்ளன. எஸ் உட்கூட்டில் ஓர் ஆர்பிட்டலும், பி உட்கூட்டில் மூன்றும், டி உட்கூட்டில் ஐந்தும் உள. ஓர் ஆர்பிட்டலில் எதிரெதிர்த் தற்சுழற்சியுடைய இரண்டு எலெக்ட்ரான்களே இடம்பெறலாம். இது 1925-இல் பௌலி வகுத்த விதியின் விளைவாகும். சம ஆற்றலுடைய ஆர்பிட்டல்கள் பல இருப்பின், எலெக்ட்ரான்கள் முதலில் தனித்தனியே அமர்ந்து, பின்னரே இணைசேரும் என்பது ஹுண்டின் விதி.

பொட்டாசியத்தின் 19-ஆவது எலெக்ட்ரான் 3டி உட்கூட்டில் சேராது 4எஸ் உட்கூட்டில் சேர்கிறது. கால்சியத்தில் 4எஸ் நிறைவெய்துகிறது. ஸ்காண்டியம் முதல் 3டி நிரம்பத் தொடங்குகிறது. 26 எலெக்ட்ரான்களையுடைய இரும்பில் 4எஸ் உட்கூட்டில் இரண்டும், 3டி உட்கூட்டில் ஆறும் உள.

இறுதியில் சேர்ந்ததே முதலில் நீங்கும் என மாணவர் கருதுவது இயல்பு. ஆயின் அவ்வாறு நிகழ்வதில்லை. கருவின் மின்னேற்றம் பெருகப் பெருக, 3டி எலெக்ட்ரான்கள் உள்ளிழுக்கப்பட்டு உறுதியாகப் பற்றப்படுகின்றன. 4எஸ் எலெக்ட்ரான்களோ புறத்தே நிற்கின்றன. ஆதலின் இரும்பு அயனியாகும்போது 4எஸ் எலெக்ட்ரான்கள் இரண்டும் முதலில் நீங்குகின்றன. எஞ்சுவது பெர்ரஸ் அயனி. அதன் 3டி உட்கூட்டில் ஓர் இணையும் நான்கு தனி எலெக்ட்ரான்களும் உள. இணையில் ஒன்று நீங்கினால், ஐந்து ஆர்பிட்டல்களிலும் ஒவ்வோர் எலெக்ட்ரான் எஞ்சும். அதுவே பெர்ரிக் அயனி.

அன்னபேதி எனப்படுவது பெர்ரஸ் சல்பேட்டாகும். அதன் வெளிர்பச்சைக் கரைசல் காற்றுப்பட நாளடைவில் பழுப்பாவது, அந்த ஓர் எலெக்ட்ரானை இழப்பதனாலேயே. சுண்ணாம்பு மிகுந்த, காற்றோட்டமுள்ள நிலங்களிலும் இம்மாற்றமே நிகழ்கிறது. பெர்ரிக் இரும்பு அங்குக் கரையாது தங்கிவிடுகிறது. எனவே மண்ணில் இரும்பு இருந்தும் பயிர் அதனைப் பெறாது, இளந்தளிர்கள் நரம்புகளுக்கிடையே மஞ்சளிக்கின்றன. மண்ணில் இடும் அன்னபேதியும் விரைவில் இந்நிலையை அடையுமாதலால், அதனைப் புதிதாகக் கரைத்து இலைமீது தெளிப்பது வழக்கம். நீர் தேங்கிய நெல்வயலிலோ இதற்கு மாறாக, ஆக்சிஜன் குன்றுவதால் பெர்ரிக் இரும்பு எலெக்ட்ரானைத் திரும்பப் பெற்றுப் பெர்ரஸாகிக் கரைகிறது.

ஆகவே எலெக்ட்ரான்கள் நிரம்பும் வரிசையையும் நீங்கும் வரிசையையும் ஆசிரியர் கரும்பலகையில் தனித்தனியே எழுதிக் காட்டுதல் நலம். முன்னது மூலகங்களின் வரிசையை விளக்கும். பின்னது அவற்றின் வேதிச் செயல்களை விளக்கும்.