குளிர் பள்ளம் தேடும்

மார்கழி பிறந்துவிட்டால் நிலக்கோட்டைப் பூச்சந்தையில் மல்லிகை விலை ஏறத் தொடங்கும். சில நாட்களில் கிலோ ஆயிரங்களைத் தாண்டும். கேட்டால், “பனி விழுந்துடுச்சு, மொக்கு வரல” என்பார்கள். அதே வாரத்தில் மலைமேல் மன்னவனூர்ப் பக்கம் உருளைக்கிழங்குச் செடி இலை கறுத்து நிற்கும். அங்கேயும் சொல்வது பனிதான். திண்டுக்கல் மாவட்டத்தின் அடிவாரத்திலும் உச்சியிலும் ஒரே இரவில் ஒரே பெயரில் நடப்பவை இவை. ஆனால் கீழே இலைமேல் இருந்தது தண்ணீர்; மேலே இருந்தது பனிக்கட்டி.

நம் மொழியில் பனி என்ற சொல்லுக்கு இடம் பெரியது. புல்நுனித் துளியும் பனி, சாலையை மறைக்கும் மூட்டமும் பனி, இமயமலையில் கொட்டுவதும் பனி. ஆறு பருவங்களில் இரண்டைப் பனிக்கே கொடுத்திருக்கிறோம்: மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். சொல் ஒன்றாக இருப்பதாலோ என்னவோ, ஒவ்வொரு ஜனவரியிலும் கொடைக்கானலின் வெள்ளைப் புல்வெளிப் படத்தைப் போட்டுக் காஷ்மீரைப் போல என்று எழுதிவிடுகிறார்கள். காஷ்மீரில் பனி மேகத்திலிருந்து இறங்குகிறது. கொடைக்கானலில் அது எங்கிருந்தும் விழுவதில்லை. இருக்கும் இடத்திலேயே புல்லின்மேல் உருவாகிறது. அதனால்தான் அதற்கு உறைபனி என்று தனிப்பெயர்.

பகலெல்லாம் வெயிலை வாங்கிய தரை, இரவில் அந்த வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத கதிர்களாக வானத்தை நோக்கி வெளியேற்றுகிறது. மேகம் இருந்தால் அதில் ஒரு பங்கு திரும்பி வரும். மேகம் பூமிக்குப் போர்வை. வானம் துடைத்துவிட்டது போல இருந்தால் போர்வை இல்லை. அதிலும் மெல்லிய புல்லிதழ், தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிட வேகமாகக் குளிர்ந்துவிடும். வானிலை நிலையத்து வெப்பமானி தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கிறது. அது 4 டிகிரி காட்டும் இரவில் புல்லின்மேல் 0 டிகிரிக்கும் கீழே போயிருக்கலாம். அப்போது காற்றிலுள்ள நீராவி, தண்ணீராக மாறாமல் நேரே பனிப்படிகமாகப் புல்லில் ஒட்டிக்கொள்ளும். கீழே சமவெளியிலும் இதே வேலைதான் நடக்கிறது. இலை 0 டிகிரிக்குப் பக்கத்தில்கூடப் போகாததால் நீராவி துளியாக நின்றுவிடுகிறது.

எவ்வளவு வேறுபாடு? திண்டுக்கல் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 270 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் 2,133 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். வத்தலக்குண்டு வழியாக மூன்று, மூன்றரை மணி நேரப் பேருந்துப் பயணத்தில் 12 டிகிரி இறங்கிவிடுகிறது.

இந்தக் கணக்கை மட்டும் நம்பினால் ஒரு விஷயம் புரியாது. கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடம் 2,343 மீட்டர் உயரத்தில், ஏரியைவிட ஏறக்குறைய இருநூறு மீட்டர் மேலே இருக்கிறது. அங்கேதான் குளிர் அதிகம் இருக்க வேண்டும். ஆனால் உறைபனி வெளுப்பது பெரும்பாலும் கீழே, ஏரியை ஒட்டிய ஜிம்கானா மைதானத்திலும் கீழ்பூமியிலும். காரணம், குளிர்ந்த காற்று கனமானது. காற்று அசையாத இரவில் அது சரிவுகளில் மெல்ல வழிந்து, தண்ணீரைப் போலவே பள்ளம் தேடிப்போய்த் தேங்குகிறது. மேட்டில் இருப்பவனைவிடப் பள்ளத்தில் இருப்பவன் அதிகம் நடுங்குவான். உயரம் கூடக் குளிரும் கூடும் என்று பள்ளியில் படித்தது அந்தச் சில மணி நேரத்துக்குத் தலைகீழாகிவிடுகிறது. வானிலையில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது.

அந்த ஆய்வுக்கூடம் மலைக்கு வந்த கதையிலும் சமவெளியின் பசி இருக்கிறது. தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி வலுத்தது. 1893இல் கெல்வின் பிரபு தலைமையில் கூடிய குழு, தூசியில்லாத வானத்துக்காகவும் உயரத்துக்காகவும் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தது. மிக்கி ஸ்மித் பொறுப்பேற்க, 1899இல் பணி தொடங்கியது. 1909இல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி நகர்வதை இங்கிருந்துதான் கண்டுபிடித்தார். சூரியனைப் பார்க்கத் தோதான அதே தெளிந்த வானம்தான், இரவில் புல்லை உறையவைக்கிறது.

சரி, நிஜமான பனிப்பொழிவு ஏன் இல்லை? நம் தலைக்குமேல் காற்று 0 டிகிரியைத் தொடுவது ஏறக்குறைய நான்கரை, ஐந்து கிலோமீட்டர் உயரத்தில். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியே 2,695 மீட்டர்தான். மேகத்தில் உருவாகும் பனி அவ்வளவு தூரம் இறங்குவதற்குள் கரைந்து மழையாகிவிடும். கோடை இடியில் ஆலங்கட்டி மட்டும் உருகுவதற்குள் வந்து சேரும். இன்னொன்றும் உண்டு: மேகம் வரும் ஐப்பசி, கார்த்திகையில் கடுங்குளிர் இல்லை, கடுங்குளிர் வரும் தை மாதத்தில் மேகம் இல்லை.

மழையிலும் மலைக்கும் சமவெளிக்கும் ஒத்துவராது. கொடைக்கானலில் ஆண்டு மழை 1,600 மில்லிமீட்டரை எட்டும். மாவட்டத்தின் சராசரி 800 மில்லிமீட்டரைச் சுற்றியே நிற்கிறது. தென்மேற்குப் பருவமழையை மேற்கு மலைகள் வாங்கிக்கொள்ள, திண்டுக்கல்லுக்கு ஆடியில் காற்றுதான் வரும். வடகிழக்குப் பருவத்தையே நம்பியிருக்கிறோம். ஆனாலும் பழனி மலையின் கீழ்ச்சரிவுகளில் பெய்வது வீணாகவில்லை. ஆத்தூர் காமராஜர் அணையில் தேங்கி நகரத்துக் குழாய்க்கு வருகிறது.

உறைபனிக்கு மலையின் தோற்றத்திலும் பங்கு உண்டு என்று தாவரவியலாளர்கள் கருதுகிறார்கள். மேல்மலையில் சோலைக்காடு ஒரு மடிப்பில் அடர்ந்திருக்கும். அதை ஒட்டி மரமே இல்லாத புல்வெளி. சோலை மரத்தின் இளங்கன்று திறந்தவெளியில் முளைத்தால் உறைபனி அதைக் கொன்றுவிடும். காட்டுக்குள் கிளைகளே போர்வையாவதால் பிழைத்துக்கொள்ளும். தீயும் மேய்ச்சலும்கூடக் காரணங்களே. ஆனால் தை இரவுகள் அந்த எல்லையைக் காவல் காக்கின்றன. வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட சீகை மரமும் யூக்கலிப்டஸும் இந்தக் காவலை மீறிப் புல்வெளியைத் தின்றுவிட்டன. அதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது.

பயிருக்கு வருவோம். செல்லில் உள்ள நீர் உறைந்தால் செல் கிழியும்; வெயில் ஏறியதும் இலை வெந்ததுபோல் ஆகிவிடும். விவசாயிகள் குளிர்ந்த இரவில் தண்ணீர் தெளித்துவைப்பதைப் பார்த்து, குளிரில் தண்ணீரா என்று நாம் வியப்போம். ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. உறைந்துகொண்டே இருக்கும் நீர், இலையை 0 டிகிரிக்குக் கீழே போகவிடாமல் தாங்குகிறது. ஆனால் பாதியில் நிறுத்தினால் ஆபத்து. வெயில் வரும்வரை விடாமல் தெளிக்க வேண்டும்.

நேரில் பார்க்க நினைப்பவர்கள், முந்தின நாள் மாலை வானத்தைப் பாருங்கள். மேகமோ காற்றோ இருந்தால் தூங்கிவிடலாம். நட்சத்திரம் தெளிவாகத் தெரிந்து இலைகூட அசையாவிட்டால், விடியலில் மேட்டில் இருக்கும் கோக்கர்ஸ் வாக்குக்குப் போகாதீர்கள். ஏரிக்கரைப் பக்கம் தாழ்ந்த புல்தரைக்குப் போங்கள். வெயில் விழுந்த கொஞ்ச நேரத்தில் வெள்ளை கரைந்துவிடும். மரநிழல் விழுந்த இடங்களில் மட்டும், நிழலின் வடிவத்திலேயே இன்னும் கொஞ்ச நேரம் நிற்கும்.